சின்ட்ரேயின் திட்டம்

ஸ்வெட்டர் ஈரமாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். பரவாயில்லை. இந்த ஹெல்லவோக் ஊரில் மார்ச் மாதத்தில் யாருடைய ஸ்வெட்டர்தான் காய்ந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் வந்து கூப்பிட்டபோது மழைக்கோட்டு மாடியில் இருந்தது. அவர்களைக் காக்கவைப்பது சரியில்லை என்று அப்படியே வண்டியில் ஏறிவிட்டேன்.

வக்கீல் வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா. வாதாடுவதற்கு இதில் எதுவும் இல்லை. நடந்ததை முதலிலிருந்து நானே சொல்லிவிடுகிறேன். ஏதாவது புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். வருடக்கணக்கில் பாடம் நடத்தியவன், எதையும் வரிசைப்படி சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

படகுத்துறைக்குப் பின்னால், பழைய மீன் கிடங்கில் எங்கள் பயிற்சி நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே வந்திருக்க மாட்டீர்கள். ஒரு ஃபெர்ரிக் கப்பலின் எஞ்சின் அறையை அங்கே அப்படியே கட்டி வைத்திருக்கிறோம். எஞ்சின் மட்டும் கிடையாது. பலகைகள், விளக்குகள், வால்வுகள், மணிகள், திரைகள். பின்னால் கம்ப்யூட்டர் இருந்துகொண்டு எஞ்சினைப் போலவே நடிக்கும். சூடாகும், கசியும், தீப்பிடிக்கும். பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைப் 'பொம்மைக் கப்பல்' என்பார்கள். பொம்மைக் கப்பலில் எத்தனை முறை தீப்பிடித்தாலும் யாரும் சாவதில்லை. தப்புச் செய்து பார்ப்பதற்கென்றே கட்டிய இடம்.

அதைக் கட்டியது நான் அல்ல. அதற்குள் இருக்கும் ஆசிரியரைத்தான் நான் செய்தேன்.

ஓர் ஆள் எரிபொருள் வால்வை மூடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீ பரவும் என்று பயந்து மூடலாம். கசிவைக் கண்டுபிடித்து மூடலாம். பக்கத்து வால்வு என்று நினைத்துத் தவறியும் மூடலாம். கை செய்வது ஒன்றுதான். மனசில் இருப்பது என்ன என்று தெரியாமல் எந்த வாத்தியாராலும் உருப்படியாக எதையும் சொல்லித்தர முடியாது. என் புரோகிராம் அந்த வேலையைத்தான் செய்தது. கையைப் பார்த்து மனசைக் கண்டுபிடிப்பது. எஞ்சினியர்கள் என்ன நோக்கத்துக்காக எதை எதை எந்த வரிசையில் செய்வார்கள் என்று ஏராளமான திட்டங்களை அதற்குள் எழுதி வைத்திருந்தேன். ஆள் ஒரு சுவிட்சைத் தொட்டதும், இது அந்தத் திட்டமா, இந்தத் திட்டமா என்று எடைபோட்டுக்கொண்டே வரும். அவன் எங்கே போக நினைக்கிறான் என்று பிடிபட்டுவிட்டால், அவன் தடுமாறுகிற இடத்தில் திரையில் ஒரு வரி எழுதும். விடையைச் சொல்லாது. அடுத்த அடியை எங்கே வைக்கலாம் என்று ஜாடை காட்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் நுழைகிறதாம். அதனால் அதற்கு 'மூக்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். "இன்னைக்கு மூக்குக்கு ஜலதோஷம் போல ஹால்வார், ஒண்ணுமே மோப்பம் பிடிக்கல" என்பார்கள். நானும் சிரிப்பேன். கடலில் இரண்டே வருடம் இருந்து, வாந்தியெடுத்தே கரைக்கு வந்தவன் நான். அவர்கள் கேலிக்கு நான் பழகியவன்.

டூர்டிஸின் கேலிதான் வேறு மாதிரி. அவள் எங்கள் நிலையத்தின் தலைவி. கெட்டவள் அல்ல. போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்குப் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டே சொன்னாள்.

"உன் மூக்குக்கு நீ ஊட்டினதத் தவிர வேற வாசனையே தெரியாது, ஹால்வார். நீ உள்ள எழுதி வெச்ச திட்டத்த யாராவது செஞ்சா, 'ஆமா, இதுதான்'னு சொல்லுது. அதுக்கு எதுக்கு ஒரு மெஷினு? நானே சொல்லிருவேனே."

"யாரும் எதிர்பார்க்காத திட்டத்தையும் அது கண்டுபிடிக்கும்."

"எப்போ?"

"அப்படி ஒரு ஆள் வரணும்."

"வசந்தத்துக்குள்ள வரச் சொல்லு. ஓஸ்லோலேர்ந்து நம்மள மதிப்பிட ஒரு குழு வருது. காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா உன் ரூமை ரேடார் வகுப்புக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

சீஸை என் பக்கம் தள்ளினாள். நான் எடுத்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

சின்ட்ரே அதற்கப்புறம்தான் வந்தான். ஃபெர்ரியில் இரண்டாம் எஞ்சினியர், மேல் சான்றிதழுக்காகக் கம்பெனி அனுப்பியிருந்தது. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. உதட்டுக்கடியில் எப்போதும் புகையிலைப் பொட்டலம் இருக்கும். பலகை முன்னால் உட்காருவதற்கு முன் அதை எடுத்து டப்பா மூடியில் வைத்துவிடுவான், கோவிலுக்குள் போகிற மாதிரி. "எனக்கு உங்க மூக்கு எதுக்கு, ஹால்வார்? என் மூக்கே போதும். ரெண்டு தடவ உடைஞ்சும் ஒழுங்கா வேலை செய்யுது" என்றான் முதல் நாள்.

அவன் தம்பி யோஸ்டைன் கதை ஊருக்கே தெரியும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில், வேறொரு ஃபெர்ரியின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. இந்த மாதிரித் தீயை அணைக்க அறையைப் பூட்டிவிட்டு உள்ளே கரியமில வாயுவைத் திறந்துவிடுவார்கள். தீ செத்துவிடும். உள்ளே ஆள் இருந்தால் அவனும் சாவான். அதனால்தான் முதலில் அபாய மணி, அடுத்தது தலை எண்ணுவது, கடைசியில்தான் வாயு. தலைமை எஞ்சினியர் ஆர்ன்ஃபின் வாயுவைத் திறந்தார். யோஸ்டைன் உள்ளே கிடந்தான். 'நான் எண்ணினேன், எல்லோரும் வெளியே இருந்தார்கள், அவன் எதையோ எடுக்கத் திரும்ப உள்ளே போயிருக்கிறான்' என்று ஆர்ன்ஃபின் சொன்னார். விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆர்ன்ஃபின் யோஸ்டைனின் இறுதிச் சடங்கில் முன் வரிசையில் உட்கார்ந்து அழுதார் என்று கேள்விப்பட்டேன்.

சின்ட்ரே இதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை.

தீயணைப்புப் பாடத்தை முதல் தடவையிலேயே தப்பில்லாமல் செய்தான். அதோடு அவன் போயிருக்கலாம். போகவில்லை.

"சாயந்திரத்துல கொஞ்ச நேரம் நான் மட்டும் தனியா பண்ணிப் பாக்கலாமா?"

"எத வேணாலும் பண்ணிப் பாருங்க. அதுக்குத்தான அது இருக்கு" என்று சாவியைக் கொடுத்தேன்.

எந்த வாத்தியாரும் கொடுத்திருப்பார். அந்தச் சாவியைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவன் செய்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது. மூக்கு எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் 'திட்டம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

பொம்மைக் கப்பலில் ஆட்களையும் வைக்கலாம். திரையில் புள்ளியாகத் தெரிவார்கள், மணி கேட்டால் படியேறி வெளியே வருவார்கள். சின்ட்ரே ஒரே ஒரு ஆளைக் கீழே, எண்ணெய் சுத்திகரிப்பானுக்குப் பக்கத்தில் வைத்தான். தீயை மூட்டினான். வாயுவைத் திறந்தான். புள்ளி படியேறித் தப்பித்தது. மறுபடி முதலிலிருந்து. கதவை முன்னாலேயே மூடிப் பார்த்தான். காற்றோட்ட விசிறியை நிறுத்திப் பார்த்தான். வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தான். புள்ளி தப்பித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை தப்பித்த பிறகும் அவன் வெகுநேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு மறுபடி.

ஒருவன் திரும்பத் திரும்ப ஓர் ஆளை உள்ளே வைத்து வாயுவைத் திறக்கிறான். அந்த ஆள் தப்பிப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது.

பயமாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்த பிறகு இதை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது. யாரும் எதிர்பார்க்காத ஒரு திட்டத்தோடு ஓர் ஆள் வந்துவிட்டான்.

அன்றைக்கே மூக்குக்குள் ஒரு புதிய திட்டத்தை எழுதினேன். அதற்கு நான் வைத்த பெயர் 'உள்ளே இருப்பவர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது'. சின்ட்ரே செய்தவற்றை வைத்துத்தான் எழுதினேன், வேறெதை வைத்து எழுதுவது. அன்று சாயந்திரம் அவன் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மூக்கு அந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. சந்தேகமே இல்லாமல். மனிதனும் இயந்திரமும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வருவது எங்கள் துறையில் சின்ன விஷயம் அல்ல.

ஏன் உடனே உங்களிடம் வந்து சொல்லவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. நான் என்ன சொல்லியிருப்பேன்? ஒருவன் பொம்மைக் கப்பலில் ஒரு புள்ளியைக் கொல்லப் பார்க்கிறான் என்றா? நீங்களே சிரித்திருப்பீர்கள். அதோடு, பயிற்சிக்கு வருகிறவர் அங்கே செய்வதை வெளியே பேசுவதில்லை என்பது எங்கள் நிலையத்தின் முதல் விதி. அந்த நம்பிக்கை போனால் யாரும் மனசு விட்டுத் தப்புச் செய்ய மாட்டார்கள். கற்கவும் மாட்டார்கள்.

டூர்டிஸ் ஒருமுறை கேட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் நிறுத்தினாள்.

"அந்த சின்ட்ரே நல்லாத்தான இருக்கான்? சாயந்திரமெல்லாம் ஒத்தையா அங்கயே உக்காந்திருக்கான். தம்பி போய் ஒரு வருஷம்கூட ஆகல. அவனோட கொஞ்சம் உக்காந்து பேசேன், ஹால்வார்."

"நல்லா கத்துக்கிறான்."

"நான் அதையா கேட்டேன்?"

"பேசறேன்" என்றேன்.

பேசவில்லை. பேசினால் அவன் செய்வது மாறிவிடும். நடுவில் நான் வாயைத் திறந்தால், கண்டுபிடித்தது மூக்கா நானா என்று ஓஸ்லோ குழு கேட்கும்.

அவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டான். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. புள்ளி இன்னும் தப்பித்துக்கொண்டிருந்தது. கை பலகை மேலேயே கிடந்தது. தடுமாறும் இடத்தில் ஜாடை காட்டுவதுதான் மூக்கின் வேலை, அது தன் வேலையைச் செய்தது. திரையில் வரி வந்தது: 'மணி கேட்டால் உள்ளே இருப்பவர் வந்துவிடுவார். முதலில் மணியைக் கவனிக்கவும்.'

நான் பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அதைப் படித்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான், சுவர்வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். மணியின் சுவிட்சை அணைத்தான். மற்றதெல்லாம் வழக்கப்படி. இந்தத் தடவை புள்ளி படிக்கட்டின் பாதியில் நின்றுவிட்டது.

வெளியே வந்து காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றான். கோப்பையை எடுக்கவில்லை. நான் ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன்.

"ஹால்வார், உள்ள ஒரு ஆளு படி ஏறுறதுக்கு இவ்ளோ நேரம் ஆகும்னு இருக்கே. அது நெசமா?"

"நெசம்னா?"

"சும்மா குத்துமதிப்பா போட்டதா, இல்ல நெசமாவே அளந்ததா? அது எனக்குத் தெரியணும்."

"அளந்துதான் போட்டிருக்கோம்" என்றேன்.

"புகையோடயா?"

"எல்லாத்தையும் கணக்குல எடுத்துத்தான்."

இதில் ஒரு சிறிய திருத்தம் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் போட்டது நான்தான். ஒரு மத்தியானம் எங்கள் நிலையத்துப் படிக்கட்டில் நானே ஏறிப் பார்த்துப் போட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, புகை கிடையாது. நிஜப் புகைக்குள் ஒருவனுக்கு எவ்வளவு நேரமாகும் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. மற்றப் பாடங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் அதை அவனிடம் அப்போது சொன்னால் பொம்மைக் கப்பலின் மேல் அவனுக்கு நம்பிக்கை போய்விடும். விட்டுவிட்டுப் போய்விடுவான். ஒரு வாத்தியார் பாடத்தின் நடுவில் எல்லாவற்றையும் சொல்வதில்லை.

அவன் காப்பியைக் குடிக்காமலே கேட்டான். "நெசக் கப்பல்ல மணிய யாரு நிறுத்த முடியும்?"

"சீஃப் எஞ்சினியர்தான். அவர்கிட்டதான சாவி இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றான். "யாராவது சொல்லிக் கேக்கணும் போல இருந்துச்சு."

அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆர்ன்ஃபினிடமிருந்து சாவியை எப்படி வாங்குவது என்று யோசிக்கிறான் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் வரவில்லை. அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திட்டத்தைக் கைவிட்டுவிட்டானோ என்றிருந்தது. கற்கிறவர்கள் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அடுத்தது என்ன என்று தெரியாமல் போவது. உட்கார்ந்து மூக்குக்கு ஒரு புதிய வரி எழுதினேன். இது நானே கையால் எழுதிய வரி. மூக்கு தானாகச் சொன்னது என்று நான் சாதிக்கப்போவதில்லை.

அவன் திரும்பி வந்தான். பலகை முன்னால் உட்கார்ந்தான். புகையிலையை எடுத்து மூடியில் வைக்கவில்லை, அது மட்டும்தான் வித்தியாசம். ஆளைப் பழைய இடத்தில் வைத்தான். திரையில் என் வரி வந்தது: 'உள்ளே இருப்பவரின் பெயரைத் தரவில்லை. யார் என்று தெரிந்தால் உதவ முடியும்.'

அவன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ பாஷை புரியாதவன் மாதிரி. பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். ஆர்ன்ஃபின்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் மூக்கு யாருடைய மனசுக்குள்ளும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அதன் பிறகு அவனுக்கு ஜாடையே தேவைப்படவில்லை. ஒவ்வொரு சாயந்திரமும் ஒருமுறைதான் செய்வான், தப்பில்லாமல், அவசரமில்லாமல். கடைசி நாள் முடிந்ததும் நான் அந்த அறைக்குப் போய்க் கைகொடுத்தேன்.

"நல்லா வந்துட்டீங்க, சின்ட்ரே."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "நான் என்ன பண்றேன்னு நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"என் வேலையே அதுதான்."

"பாத்துட்டும் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? சரியாத்தான் பண்றீங்க."

அவன் கதவுவரைக்கும் போய்த் திரும்பி நின்றான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். நான் அன்று வேறு ஏதாவது சொல்லியிருந்தால் என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. சொல்லியிருக்கலாம். அவன் அதற்காகத்தான் நின்றான் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் அப்போது என் மனசில் வேறு கேள்வி இருந்தது.

எங்கள் துறையில் ஒரு பழைய சிக்கல் உண்டு. பயிற்சி அறையில் கற்றது வெளியே கைகொடுக்குமா? எத்தனையோ பேர் பொம்மைக் கப்பலில் புலியாக இருப்பார்கள், நிஜக் கப்பலில் கை நடுங்கும். வெளியே போய்ப் பார்க்காதவரை எதையும் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. மூக்கு சொன்னது சரியா என்பதும் வெளியேதான் தெரியும்.

பிப்ரவரியில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆர்ன்ஃபினின் ஃபெர்ரியில் இரண்டாம் எஞ்சினியர் இடம் காலி. சின்ட்ரேயைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆனால் தம்பி விஷயம் இருப்பதால் போனில் பேசிய பெண் தயங்கினாள்.

"நீங்கதான் அவரோட இவ்ளோ நாள் இருந்திருக்கீங்க. அவங்க ரெண்டு பேரையும் ஒரே கப்பல்ல போடறது சரியா வருமா? நீங்க வேண்டாம்னு சொன்னா நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்."

"தாராளமா போடுங்க. அவரவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க" என்றேன்.

உங்கள் கேள்விகளெல்லாம் வேறு இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன, அதனால் இதை நானே எடுத்து வைக்கிறேன். ஜாடைகள் இல்லாமலும் அவன் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்தப் போன் இல்லாமல் அவன் ஆர்ன்ஃபினுக்குப் பக்கத்தில் போயிருக்க முடியாது. அவனை அங்கே வைத்தது நான். என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்தேன். நடக்க வேண்டும் என்று வைத்தேன்.

நடந்த அன்று வியாழக்கிழமை. ஃபெர்ரி பராமரிப்புக்காகத் துறையில் கட்டியிருந்தது. அந்த நாட்களில் மணியின் சாவியை சீஃப் இரண்டாம் எஞ்சினியரிடம் கொடுத்துவைப்பது வழக்கம். அந்த வாரம் முழுக்க நான் காலையில் துறைப் பக்கமாகத்தான் நடந்து வந்தேன். ஆர்ன்ஃபின் எஞ்சின் அறைக்குள் இறங்குவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையைக் கூட ஆட்டினார். நானும் ஆட்டினேன். என் அறைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது மணி எதுவும் அடிக்காமல் ஆட்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானம் கேன்டீனில் நான் உருளைக்கிழங்கு உருண்டையும் உப்புக்கறியும் சாப்பிட்டேன், இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று அங்கே வேலை செய்கிற பெண் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. சாப்பிட்டேன். வியாழக்கிழமை ஊரே அதைத்தான் சாப்பிடுகிறது.

டோரில் என்ற பெண்ணின் விஷயம் வேறு. மேல்தளத்தில் வேலை செய்த அந்த அம்மாள் நனைந்த கையுறையை எஞ்சின் சூட்டில் காயப்போட உள்ளே போயிருக்கிறாள் என்பதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆர்ன்ஃபினோடு அவளும் போய்விட்டாள். இரண்டு மகள்கள் என்கிறீர்கள். அது வருத்தமான விஷயம்தான். ஆனால் அவள் திட்டத்தில் இல்லை. சின்ட்ரேயின் திட்டத்திலும் இல்லை, மூக்கு கண்டுகொண்டதிலும் இல்லை. அவளை மூக்கின் கணக்கில் சேர்ப்பது சரியாகாது என்று நினைக்கிறேன். ஓஸ்லோ குழுவிடமும் அப்படித்தான் சொல்வேன்.

இது என்ன? சின்ட்ரே கொடுத்த வாக்குமூலமா? கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

அவன் பேசின மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். 'என் தம்பி எப்படிச் செத்தான்னு தெரிஞ்சிக்கத்தான் நான் சாயந்திரத்துல அங்க போனேன். விசாரணையில சொன்ன மாதிரியே செஞ்சு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் யோஸ்டைன் தப்பிச்சு வெளிய வந்துட்டான். அவன் வர்றதப் பாக்கப் பாக்க எனக்குத் தாங்கல. அப்போ மணியப் பாருன்னு மெஷின் சொல்லுச்சு. மணிய நிறுத்தினேன். அவன் படியிலயே விழுந்துட்டான். அப்போதான் ஆர்ன்ஃபின் மணிய நிறுத்தியிருக்காருன்னு நெனச்சேன். ஹால்வார் எல்லாம் அளந்து போட்டதுன்னு சொன்னாரு. அப்பவும் நான் யாரையும் எதுவும் செய்ய நெனைக்கல. போலீசுக்குப் போலாமான்னு ஒரு வாரம் வீட்டுல கெடந்தேன். திரும்பப் போனப்ப உள்ள இருக்கிறது யாருன்னு மெஷின் கேட்டுச்சு. அதுவரைக்கும் உள்ள இருந்தது எப்பவும் யோஸ்டைன்தான். வேற பேரப் போட முடியும்னு அது கேட்ட பிறகுதான் எனக்குத் தோணுச்சு.'

ஆமாம், படித்துவிட்டேன். இல்லை, தண்ணீர் வேண்டாம்.

புகைக்குள் யோஸ்டைனால் அந்த நேரத்தில் படியேறி வந்திருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாதுதான். மணி அடித்துக்கொண்டே இருந்திருந்தாலும் முடிந்திருக்காது. என் எண்ணில் புகையைச் சேர்த்திருந்தால், விசாரணைக் குழு சொன்னது அப்படியே பொருந்தியிருக்கும், சின்ட்ரே முதல் வாரமே வீட்டுக்குப் போயிருப்பான். ஆர்ன்ஃபின் சொன்னது உண்மையாக இருந்திருக்கலாம். பெரும்பாலும் உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் அவன் இங்கே கடைசியில் சொல்லியிருப்பதை வைத்துக்கொண்டு மூக்கு தப்பு என்று நீங்கள் முடிவு கட்டுகிறீர்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் அப்படி நினைக்கவே இல்லை என்கிறான். நான் நம்புகிறேன். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. கற்க வருகிற பலருக்கும் தாங்கள் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது, அம்மா. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தானே ஒரு ஆசிரியர் வேண்டியிருக்கிறது.